பிரித்தானிய மழைப் பதிவுகள்: தன்னார்வலர் கணக்குகளை ஒப்பிட்ட வரலாறு

ஓர் ஊரில் ஒரு மாதத்தில் பெய்த மழையை அளந்து எழுதி வைப்பது எளிது. ஆனால் இரண்டு ஊர்களில் இரண்டு பேர் எழுதிய கணக்குகளை அருகருகே வைத்து, எங்கே அதிகம் பெய்தது என்று சொல்வது எளிதன்று. வேறுபாடு வானத்தில் இருந்ததா, அளந்த கருவியில் இருந்ததா என்பது முதலில் தெரிய வேண்டும். இக்கேள்விக்கு நீண்ட காலம் உழைத்து விடை தேடிய நாடுகளில் பிரித்தானியா முக்கியமானது. அவ்வுழைப்பில் பெரும்பங்கு ஊதியம் பெறாத தன்னார்வலர்களுடையது.

தொடக்க முயற்சிகள்

இங்கிலாந்தில் தொடர்ச்சியாக மழையை அளந்த முதல் மனிதராக ரிச்சர்ட் டவுன்லி கருதப்படுகிறார். இவர் லங்காஷயரில் பர்ன்லி நகருக்கு அருகே வாழ்ந்தவர். 1677இல் தம் வீட்டுக் கூரைமேல் ஒரு புனலைப் பொருத்தி, ஈயக் குழாய் வழியாக மழைநீரை வீட்டுக்குள் கொண்டுவந்து அளந்தார். 1694இல் தம் கணக்கை வெளியிட்டபோது, பாரிஸ் நகரில் பெய்வதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு மழை தம் பகுதியில் பெய்வதாகக் குறிப்பிட்டார். ஆக, மழைப் பதிவு தொடங்கிய சில ஆண்டுகளிலேயே ஒப்பீடும் தொடங்கிவிட்டது.

உயரம் ஏற்படுத்திய குழப்பம்

ஒப்பீட்டில் உள்ள சிக்கலை வெளிப்படுத்தியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 1766 முதல் 1767 வரை ஓராண்டுக் காலம் அவர் மூன்று மழைமானிகளை வைத்துச் சோதித்தார். தரையருகே இருந்த மழைமானியில் 22.6 அங்குலமும், வீட்டுக் கூரைமேல் இருந்ததில் 18.1 அங்குலமும், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உச்சியில் இருந்ததில் 12.1 அங்குலமும் பதிவாயின. மூன்றும் அடுத்தடுத்த இடங்களே. ஆயினும் உச்சியில் கிடைத்த அளவு தரையில் கிடைத்ததில் பாதியை ஒட்டியே இருந்தது.

மழைத்துளி கீழே வர வரப் பெரிதாகிறது என்று அக்காலத்தில் பலர் எண்ணினர். காற்றே காரணம் என்பதை 1861இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் விளக்கினார். மழைமானியின் விளிம்பில் மோதும் காற்று மேலெழும்பித் துளிகளை வாய்க்கு அப்பால் தள்ளிவிடுகிறது. உயரம் கூடினால் காற்றின் வேகம் கூடும். பிடிபடும் நீர் குறையும். எனவே ஒருவர் கூரையிலும் மற்றவர் தோட்டத்திலும் அளந்தால், அவ்விரு கணக்குகளையும் அப்படியே ஒப்பிட இயலாது.

சைமன்ஸ் உருவாக்கிய வலையமைப்பு

இந்நிலையை மாற்றியவர் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் (1838–1900). 1850களில் மழை குறைந்த ஆண்டுகள் பல வந்தன. தொழில் நகரங்கள் வளர்ந்து குடிநீர்த் தேவை பெருகிய காலம் அது. நீர்த்தேக்கம் கட்டுவதற்குச் சராசரி மழை மட்டும் தெரிந்தால் போதாது. மிக வறண்ட ஆண்டில் எவ்வளவு குறையும் என்பதும் தெரிய வேண்டும். கணக்குத் தவறினால் நகரமே தாகத்தில் தவிக்கும்.

1860ஆம் ஆண்டுக்குரிய சைமன்ஸின் முதல் தொகுப்பில் 168 இடங்களின் பதிவுகள் இருந்தன. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அரசின் வானிலைத் துறையில் பணியாற்றிய அவர், 1863இல் அதிலிருந்து விலகி இப்பணியில் முழுமையாக ஈடுபட்டார். செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதி ஆர்வலர்களைத் தேடினார். பாதிரியார்கள், மருத்துவர்கள், பண்ணை வீட்டுத் தோட்டக்காரர்கள், நீர்நிலைப் பொறியாளர்கள் எனப் பலதரப்பட்டோர் சேர்ந்தனர். பெண்களும் இருந்தனர். பேனிங் சீமாட்டி 1835 முதல் 1887 வரை மழையை அளந்தார். நார்ஃபோக்கிலிருந்து லண்டன் செல்லும்போது மழைமானியையும் உடன் எடுத்துச் செல்வது அவர் வழக்கம். அவருடைய ஆர்வம் போற்றத்தக்கது. ஆனால் இடம் மாறிய கருவியின் கணக்கை ஒரே ஊரின் கணக்காகக் கொள்ள முடியாது என்பதையும் தொகுப்பாளர் கவனிக்க வேண்டியிருந்தது.

சைமன்ஸ் இறக்கும்போது அளவிடங்கள் சுமார் 3,500 ஆகப் பெருகியிருந்தன.

ஒரே சீரான விதிகள்

எண்ணிக்கையைவிட முக்கியமானவை அவர் பரப்பிய விதிகள். பல வடிவ மழைமானிகளை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடும் சோதனை 1863 முதல் வில்ட்ஷயரில் உள்ள கேன் என்ற ஊரில் நடந்தது. வாயின் அகலத்தைவிட, தரையிலிருந்து உள்ள உயரமே அளவை அதிகம் மாற்றுகிறது என்பது அத்தகைய சோதனைகளால் உறுதியானது. 5 அங்குல விட்டமுள்ள வாய், தரையிலிருந்து 1 அடி உயர விளிம்பு, மரமோ சுவரோ மறைக்காத இடம், காலை 9 மணி அளவீடு என்ற முறை நிலைபெற்றது.

மாதக் கணக்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒன்றாம் தேதி காலை 9 மணிக்கு அளக்கும் நீரின் பெரும்பகுதி முந்தைய நாள் பெய்ததாகவே இருக்கும். ஆகவே அதை முந்தைய மாதத்தின் கடைசி நாளில் எழுத வேண்டும். ஒருவர் இப்படியும் மற்றொருவர் வேறு விதமாகவும் எழுதினால், ஒரே இரவில் பெய்த மழை இரண்டு ஊர்களில் இரண்டு மாதங்களில் சேர்ந்துவிடும்.

ஒப்பிடும் முறையிலும் ஒரு தெளிவு ஏற்பட்டது. ஏரி மாவட்டத்தின் சீத்வெயிட் சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். எசெக்ஸின் பல இடங்களில் 600 மில்லிமீட்டர் பெய்தாலே அதிகம். இவ்விரண்டின் மாத அளவுகளை நேரடியாக ஒப்பிட்டால் சீத்வெயிட் எப்போதும் ஈரமாகவே தெரியும். ஒவ்வொரு மாதமும் அந்தந்த ஊரின் நீண்ட காலச் சராசரியில் எத்தனை விழுக்காடு பெய்தது என்று பார்த்தால்தான், வறட்சி எங்கே கடுமை என்பது விளங்கும்.

மீட்கப்பட்ட தாள்கள்

இவ்வமைப்பு 1919இல் அரசின் வானிலைத் துறையுடன் இணைந்தது. 1677 முதல் 1960 வரையான மாதக் கணக்குகள், ஒரு தாளுக்குப் பத்தாண்டுகள் என்ற வகையில் சுமார் 66,000 தாள்களில் கையெழுத்தாகவே இருந்தன. 2020 மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கு தொடங்கியபோது, ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் அவற்றைக் கணினியில் ஏற்ற உதவி கேட்டார். சுமார் 16,000 தன்னார்வலர்கள் 16 நாள்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களைப் படித்துப் பதிந்தனர். தாளில் எழுதியிருந்த ஆண்டு மொத்தமும் பன்னிரண்டு மாதங்களின் கூட்டுத்தொகையும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது பிழை கண்டறியும் வழிகளில் ஒன்றாக இருந்தது.

இதனால் பிரித்தானியாவின் அதிகாரபூர்வ மாத மழைத் தொடர் 1862இலிருந்து 1836க்குப் பின்னோக்கி நீண்டது. அதுவரை மிக வறண்ட ஆண்டாகக் கருதப்பட்ட 1887ஐ விட 1855 வறண்டது என்பதும் தெரியவந்தது. சைமன்ஸின் முதல் தொகுப்புக்கு ஐந்து ஆண்டுகள் முந்தையது 1855. அவ்வறட்சியின் அளவை அவருடைய வலையமைப்பு நேரடியாக அளந்திருக்க முடியாது. ஆனால் பழைய குறிப்பேடுகளையும் அவர் தேடிச் சேர்த்து வைத்ததால், 160 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அதை அறிய முடிந்தது.

தன்னார்வலரின் பதிவு நம்பத்தக்கதா என்ற ஐயம் இன்றும் எழுவதுண்டு. கருவி எது, எவ்வளவு உயரத்தில் இருந்தது, எத்தனை மணிக்கு அளந்தார், எப்போது இடம் மாற்றினார் ஆகிய விவரங்களைச் சேர்த்து எழுதியவரின் கணக்கு நிலைத்திருக்கிறது என்பதே இவ்வரலாறு தரும் விடையாகும்.