விளக்கும் வேடமும்

பிற சமயத்தாரின் சடங்குகளை நாம் மேற்கொள்ளலாமா என்ற கேள்வி, வெசாக் நாட்கள் நெருங்கும்போது திருகோணமலையில் எழுவதுண்டு. அயல்வீட்டாரின் மகிழ்ச்சிக்காக வாசலில் வெசாக் கூடு ஒன்றைத் தொங்கவிடலாமா, விகாரைக்குள் சென்றால் மலர் வைத்து வணங்கலாமா என்று சைவர் சிலர் கேட்பர். கந்தூரிச் சோற்றைப் பற்றியும் நத்தார் ஆராதனையைப் பற்றியும் இதே கேள்வியை வேறு வீடுகளில் கேட்கலாம். 'எம்மதமும் சம்மதம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் ஒரு சாரார். அவரவர் நெறி அவரவர்க்கு என்று கதவைச் சாத்திவிடுவோர் மறுசாரார். இரு விடைகளும் எனக்கு நிறைவு தருவதில்லை. இத்துறைமுகத்தைச் சூழ்ந்த மண்ணின் வரலாற்றில் இவற்றினும் நுட்பமான விடையொன்று கிடக்கிறது என்பது என் எண்ணம்.

கோணமலைக்குத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தை அறியாத ஈழத்துச் சைவர் இல்லை. ஏழாம் நூற்றாண்டுப் பதிகம் அது. சம்பந்தரின் பதிகங்களில் பத்தாவது பாடல் பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் மறுப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். கோணமலைப் பதிகமும் அதற்கு விலக்கன்று. கொள்கையளவில் சமரசத்துக்கு இடமில்லாத குரல் அது.

அக்குரல் ஒலித்த மலையிலிருந்து சில மைல் தொலைவில், பெரியகுளத்தின் அருகே, ஒரு பழைய பௌத்தப் பள்ளியின் இடிபாடுகள் உள்ளன. சிங்கள மக்கள் அதனை வெல்கம் விகாரை என்பர். அயலிலுள்ள தமிழர் நாதனார் கோயில் என்றே நெடுங்காலம் அழைத்து வந்தனர். 1929இலும் 1953இலும் நடந்த அகழாய்வுகளில் அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. சோழர் காலத்தவை அவை. விகாரையின் பெயர் அவற்றில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கு நந்தாவிளக்கு எரிக்கவும், அதற்கு நெய் தரும் பசுக்களை வழங்கவும் தமிழர் செய்த கொடைகளையே அக்கல்வெட்டுகள் பேசுகின்றன. ஆதித்தப் பேரரையன் என்பவன் அக்கொடையாளருள் ஒருவன்.

நந்தாவிளக்கு என்பது தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் நன்கு வேரூன்றிய வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய்யில் எரிவதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கு வகுத்திருந்தனர். அந்த வழக்கமே கடல் கடந்து வந்து புத்தர் முன் எரிந்தது. கொடையாளர் எல்லோரும் சைவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுள் தமிழ்ப் பௌத்தர் இருந்திருப்பர். ஆனால் எந்த மன்னனின் பெயரைப் பள்ளி தாங்கியதோ அவன் சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்டவன். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே வழங்கியவனும் அவனே. தேவாரத்தைப் போற்றிய அரசு பௌத்தப் பள்ளிக்கும் இடம் கொடுத்தது. கொள்கையில் வாதம் நின்றது. வாசலில் விளக்கும் எரிந்தது.

இதிலே ஒரு முள்ளும் உண்டு. வென்றவன் தன் பெயரை விகாரைக்குச் சூட்டினான் அல்லவா? கொடுக்கும் கை உரிமை கோரும் கையாகவும் மாறக்கூடும். ஆயினும் பழைய பெயரை அவர்கள் அழித்துவிடவில்லை. வெல்கம் என்ற பெயர் புதுப்பெயரோடு சேர்ந்தே கல்லில் நிற்கிறது. அந்தச் சிறு நாணயத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் இதே கரையில் வேறொரு விதமாகப் பிற சமயச் சடங்கு மேற்கொள்ளப்பட்டது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, 1620களின் முற்பகுதியில் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினான். சித்திரைப் புத்தாண்டு நாளில் சுவாமி நகர்வலம் சென்றிருந்த வேளை, படைவீரர் பிராமண வேடமிட்டுக் கோயிலுக்குள் புகுந்தனர் என்பது ஊர் மரபு. பூணூலும் திருநீறும் அன்று கதவைத் திறக்கும் சாவிகளாயின. 1803இல் பிறெட்றிக் கோட்டை என்று பெயர் பெற்ற அக்கோட்டையின் வாயிலில் இணைக்கயல் சின்னமும் தமிழ் எழுத்துகளும் பொறித்த கல்லை இன்றும் காணலாம்.

விளக்கிட்ட கொடையாளனும் வேடமிட்ட வீரனும் செய்தவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னவன் தன் பெயரோடும் மொழியோடும் வந்தான். செய்ததைக் கல்லில் எழுதினான். பின்னவன் தன்னை மறைத்து வந்தான்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையைக் காண இத்தீவின் தெற்கிலுள்ள இன்னொரு துறைமுகத்துக்குப் போகவேண்டும். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்ட கல்லொன்று சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. 1409ஆம் ஆண்டைத் தாங்கிய அதனைக் கொண்டுவந்தவர் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்துறையிலிருந்த தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என மூன்றிலும் ஏறத்தாழ ஒரே நிறை. அழகான சமத்துவம்தான். ஆனால் அவரே 1411இல் இந்நாட்டு அரசரொருவரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றார் என்பதையும் மறக்கலாகாது. காணிக்கை மட்டும் ஒருவர் மனத்துக்குச் சான்றாகிவிடாது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய திருமேனிகள் கிடைத்தன. 1956இல் மைக் வில்சன், ஆதர் சி. கிளார்க் என்ற இரு ஆங்கிலேயர் சுவாமி மலை அடிவாரக் கடலில் மூழ்கிப் பழங்கோயிலின் எச்சங்களைக் கண்டனர். புதுக்கிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. வில்சன் பின்னர் சிவ கல்கி என்ற பெயருடன் சுவாமியாகி, அந்நெறியிலேயே வாழ்ந்து 1995இல் மறைந்தார். விஞ்ஞானப் புனைகதை ஆசிரியர் கிளார்க்கோ, எந்தச் சமயச் சடங்கும் தம் இறுதிக்கிரியையில் இடம்பெறலாகாது என்று எழுதிவைத்தார். 2008இல் கொழும்பில் அவ்வாறே அடக்கம் செய்யப்பட்டார். ஒரே கடலில் மூழ்கிய இருவருள் ஒருவர் சடங்கை முழுமையாக ஏற்றார். மற்றவர் முழுமையாக மறுத்தார். இருவரிடமும் வேடமில்லை. மறுப்பதும் மரியாதையான செயலாகலாம் என்பதற்குக் கிளார்க் சான்று.

எங்கள் ஊரில் இது ஏட்டுக்கேள்வி அன்று. 2005 மே மாதத்தில் நகரச் சந்தையருகே இரவோடிரவாக ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டதும் கடைகள் அடைபட்டன, ஊர் கொதித்தது. புத்தரை வெறுத்து எழுந்த கொதிப்பாக அதை நான் காணவில்லை. பெரும்பள்ளியில் அவருக்கு விளக்கிட்டவர்களின் வழிவந்தோருக்கு அவர் அந்நியர் அல்லர். வழிபாட்டுச் சின்னம் எல்லைக்கல்லாக நடப்படுகிறதோ என்ற அச்சமே அதன் வேர். அந்த அச்சம் இருக்கும்வரை அயலான் வைக்கும் பூவும் ஐயத்தோடுதான் பார்க்கப்படும்.

ஆகவே பிறர் சடங்கை மேற்கொள்ளலாமா என்றால், மேற்கொள்ளலாம் என்பேன். ஆனால் சொந்தப் பெயரோடு போகவேண்டும். அந்த வீட்டாரின் அழைப்போடும் அவர்தம் முறைப்படியும் செய்யவேண்டும். திரும்பி வரும்போது அந்த வீட்டின் பெயர் மாறாதிருக்கவேண்டும். மனம் ஒப்பாதவர் வெளியே நின்று கைகூப்பினாலும் போதும்; யாரையும் வற்புறுத்தி உள்ளே அழைத்துச் செல்லும் உரிமை எவருக்கும் இல்லை. பெரியகுளத்துக் கல்வெட்டுகள் எனக்குச் சொல்வது இவ்வளவே. நெய்யும் பசுவும் போய் ஆயிரம் ஆண்டுகளாகின்றன. கொடுத்தவன் பெயரும் கொடுக்கப்பட்ட இடத்தின் பழைய பெயரும் ஒரே கல்லில் இன்னும் சேர்ந்திருக்கின்றன.