பொதி பிரிப்பதும் பொருள் தேடுவதும்



இட்லி அவிக்க வேண்டுமானால் மாவு வேண்டும், தட்டு வேண்டும், அடுப்பு வேண்டும். கணினியில் ஏற்றும் மென்பொருளும் அப்படித்தான். ஒன்று வேலை செய்ய இன்னும் நாலைந்து உடன் இருந்தாக வேண்டும். இதை யார் கவனித்துக்கொள்வது என்ற கேள்வியின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதி, உள்ளே இருப்பதை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவிட்டார். அதைக் கொண்டு முழு இயங்குதளம் அமைக்கப் பலர் முன்வந்தனர். அமெரிக்காவில் இயன் மர்டாக் 1993இல் தொடங்கிய டெபியன், தொண்டர்களின் முயற்சி. அவர்கள் டிபிகேஜி என்ற கருவியை வைத்துக்கொண்டார்கள். ரெட் ஹாட் நிறுவனம் 1995இல் ஆர்பிஎம் என்பதைக் கொண்டுவந்தது.

இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வேலை. மென்பொருள் பொதியைப் பிரிக்கும். உள்ளே இருப்பதை இடம் பார்த்து வைக்கும். எது எங்கே போனது என்று கணக்கில் எழுதிக்கொள்ளும். துணைப் பொதி இல்லையென்றால் 'இன்னது இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். தேடி எடுத்து வருவது நம் பாடு. எடுத்து வந்தால், வந்தது வேறு இரண்டைக் கேட்கும்! இந்த அவதிக்கு நரகம் என்றே பெயர் வைத்தார்கள். பட்டவர்கள் வைத்த பெயர்.

டெபியனில் 1996இல் 474 பொதிகள் இருந்தன. 1999 மார்ச்சில் சுமார் 2250. அந்த 1999 வெளியீட்டில்தான் ஆப்ட் என்ற கருவி சேர்ந்தது. கேட்ட பொதியையும் அதற்கு வேண்டிய துணைகளையும் கிடங்கிலிருந்து தானே எடுத்து, வரிசைப்படி டிபிகேஜியிடம் கொடுத்துவிடும்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பிரேசில் நாட்டுக் கொனெக்டிவா நிறுவனம் ஆர்பிஎம் பொதிகளைப் பயன்படுத்தி வந்தது. அது 2000இல் ஆப்டை எடுத்து ஆர்பிஎம் மேலேயே பொருத்திவிட்டது. எல்லாம் திறந்திருந்ததால் யாரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை. எந்தப் பொதி உயர்ந்தது என்று ஆண்டுக்கணக்கில் நடந்த சண்டை பாதி வீண் என்பதே நம் கருத்து. எதற்கு எது துணை என்று ஒவ்வொரு பொதியிலும் பிழையில்லாமல் எழுதிவைக்கிற ஆள் வேண்டும். அந்த ஆள் தவறினால் எந்தக் கருவியும் உதவாது.

2004இல் வந்த உபுண்டு டெபியனின் வழியைத் தேர்ந்தபோது, கருவியோடு அந்தத் தொண்டர்கள் நிரப்பிய கிடங்கையும் அடித்தளமாகக் கொண்டது. ரெட் ஹாட் ஆதரவில் வளர்ந்த ஃபெடோரா, தேடித் தரும் யம் என்ற கருவியை 2015இல் மாற்றி டிஎன்எஃப் என்பதை வைத்தது. கீழே இருந்த ஆர்பிஎம்மை அது மாற்றவில்லை.