கடலும் அரண்மனையும்: நாகூர் ஷாகுல் ஹமீது மரபு வளர்ந்த விதம்

நாகூர் தர்காவின் அலங்கார வாசலை ஒட்டிய கடைகளில் நேர்ச்சைத் தகடுகள் குவிந்து கிடக்கும். கண், கை, கால், தொட்டில், வீடு என்று தகட்டுக்குத் தகடு வேறு உரு. கண்நோய் தீர வேண்டிக்கொண்டவர் கண் வாங்குகிறார். பிள்ளை வரம் கேட்டவர் தொட்டில் வாங்குகிறார். அவற்றுக்கு நடுவே படகும் கப்பலும் பொறித்த தகடுகளும் உண்டு. நாகூர் மரபின் வரலாற்றை இந்தக் கப்பல் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

காரணம் உண்டு. ஷாகுல் ஹமீது நாயகத்தைப் பற்றித் தமிழில் இன்று நாம் படிக்கும் விரிவான நூல்கள் அவர் மறைந்து இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் எழுந்தவை. சேகனாப் புலவரின் ‘திருக்காரணப் புராணம்’ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. நாகூரிலேயே பிறந்த குலாம் காதிறு நாவலரின் ‘நாகூர்ப் புராணம்’ அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அவரே உரைநடையில் எழுதிய ‘கன்ஜுல் கறாமாத்து’ இன்றும் வீடுகளில் வாசிக்கப்படுகிறது. புராணம் என்ற பெயரே இந்நூல்களின் நோக்கத்தைச் சொல்லிவிடும். நாட்டுச் சிறப்பு, நகரச் சிறப்பு என்று தமிழ்க் காப்பிய முறையில் தொடங்கி ஓர் இறைநேசரின் பெருமையைப் பாடுபவை அவை. ஆண்டுக் கணக்கை மட்டும் தேடி அவற்றுக்குள் போகிறவர் ஏமாற்றத்தோடு திரும்புவார். ஒரு கதையை யார் சொன்னார்கள், எந்தத் தேவையால் சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டு போகிறவருக்கு அங்கே நிறையக் கிடைக்கும்.

வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வட இந்தியாவில் கங்கைக் கரையில் உள்ள மாணிக்கப்பூரில், ஹிஜ்ரி 910ஐ ஒட்டிப் பிறந்தவர் என்பது பெரும்பாலோர் கொள்ளும் கணக்கு. பாக்தாதின் அப்துல் காதிர் ஜீலானியின் வழிவந்தவர் என்று மரபு சொல்லும். தந்தை சையது ஹசன் குத்தூஸ், தாய் பாத்திமா. இளம் வயதிலேயே வீட்டை விட்டுக் குவாலியர் சென்று முஹம்மது கௌஸிடம் ஞானம் பயின்றார். இந்தக் குருவைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஷத்தாரி என்ற சூஃபி நெறியின் பெரும் ஆசான். ஹுமாயூனின் மதிப்பைப் பெற்றவர். ஷேர் ஷா கை ஓங்கியபோது குஜராத்துக்குப் போக நேர்ந்தவர். ‘அமிர்தகுண்டம்’ என்ற யோக நூலைப் பாரசீகத்தில் தந்தவரும் அவரே. மூச்சை அடக்கித் தவமிருப்பது, குகையில் நாற்பது நாள் தனித்திருப்பது என்று நாகூர்க் கதைகளில் வரும் செய்திகளைப் படிக்கும்போது, இப்படிப்பட்ட ஓர் ஆசானின் மாணவரைப் பற்றித்தான் படிக்கிறோம் என்பது நினைவில் இருந்தால் நல்லது.

பிறகு மக்கா பயணம், மாலத்தீவு, இலங்கை, கடைசியில் சோழமண்டலக் கரை. லாகூரில் அவர் வாழ்த்தால் பிறந்த யூசுப் என்ற பிள்ளை வளர்ப்பு மகனாக உடன் வந்தார். 404 சீடர்களும் வந்தார்கள் என்பது வழக்கு. நாயகம் மணம் செய்துகொள்ளவில்லை. இன்று தர்காவில் பாத்திஹா ஓதும் சாபுமார்கள் யூசுப் வழியினர். நாகூரை அடுத்த வாஞ்சூரில் அவர் தவமிருந்த இடமும், கடலோரத்தில் தொழுத சில்லடியும் இன்றும் போற்றப்படுகின்றன. ஹிஜ்ரி 978, ஜமாதுல் ஆகிர் 10ஆம் நாள் மறைந்தார். ஆங்கிலக் கணக்கில் அது 1570.

இனிக் கதைகளுக்கு வருவோம். நாகூரில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் கதை இது. நாயகத்துக்கு முடி திருத்திக்கொண்டிருந்த நாவிதர் கையில் கண்ணாடி. வேலைக்கு நடுவே நாயகம் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி வீசிவிட்டார். நாவிதருக்குத் திகைப்பு. அதே நேரத்தில் நடுக்கடலில் ஒரு கப்பல் அடியில் துளை விழுந்து மூழ்கிக்கொண்டிருந்தது. மாலுமிகள் நாயகத்தின் பெயரைச் சொல்லிக் கதறினார்கள். கண்ணாடி போய்த் துளையை அடைத்தது. கரை சேர்ந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு வந்து நாயகத்தின் முன் நின்றார்கள்.

அந்தக் கப்பல் யாருடையது? சிலர் போர்ச்சுகீசியருடையது என்பார்கள். பலர் டச்சுக்காரருடையது என்பார்கள். டச்சுக்காரர் நாகூரை அடுத்த நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது 1658இல். நாயகம் மறைந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து. இதைக் காட்டிக் கதையே பொய் என்று தள்ளுவது எளிது. என் பார்வையில் இந்தப் பிழைதான் கதையின் மிக மதிப்புள்ள பகுதி. டச்சுக் கொடி பறந்த துறைமுகத்தில் வாழ்ந்த தலைமுறை ஒன்று இந்தக் கதையைத் தன் வாயால் திருப்பிச் சொல்லியிருக்கிறது. அதன் கைரேகை அதில் பதிந்திருக்கிறது. கடலை ஆள்வதாக நினைத்த அந்நியனும் ஓட்டை விழுந்தால் எங்கள் எஜமானைத்தான் கூப்பிட வேண்டும் என்று கடல் வணிகரான மரைக்காயர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள். நாகூருக்குத் தெற்கே, அதே கரையில் இருக்கும் வேளாங்கண்ணியிலும் புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் கட்டிய கோயில் என்ற மரபு உண்டு. பாய்மரம் நம்பிப் பிழைத்த ஊர்களில் தெய்வத்தின் முதல் வேலை கப்பலைக் காப்பது.

இரண்டாவது கதை உள்நாட்டுக் கதை. தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கரைத் தீராத நோய் வாட்டுகிறது. அரண்மனை மாடத்தில் ஊசிகள் குத்தப்பட்ட ஒரு புறா இருப்பதை நாயகம் கண்டு சொல்கிறார். அது மன்னருக்கு வைக்கப்பட்ட சூனியம். புறாவைக் கொண்டுவரச் செய்து ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்குகிறார். பிடுங்கப் பிடுங்க மன்னரின் வலி இறங்குகிறது. கடைசி ஊசியும் வந்ததும் புறாவைத் தடவிப் பறக்க விடுகிறார். மன்னர் நன்றியோடு நிலம் தருகிறார். வேண்டுதல் நிறைவேறியவர்கள் இன்றும் தர்காவில் புறா விடுவது இதன் தொடர்ச்சி.

1570 வரை தஞ்சையின் மூத்த ஆட்சியாளர் செவ்வப்ப நாயக்கர்தானே என்று வரலாறு படித்தவர்கள் கேட்கலாம். 1560 முதலே தந்தையோடு மகனும் ஆட்சியில் பங்கேற்றார் என்ற ஆய்வாளர்களின் கணக்கை ஏற்றால் முரண் இல்லை. ஆனால் மன்னரின் பெயரைக் காட்டிலும் பெரிய செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. தஞ்சையின் அரசர் கடல் வணிகரின் வழிபாட்டிடத்துக்கு நிலம் தருவது இந்தக் கரைக்குப் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். விகாரம் மறைந்தது, வழக்கம் மறையவில்லை. நெல்லை விளைவித்த அரசுக்குத் துறைமுகத்து வணிகரின் நல்லெண்ணம் எப்போதும் வேண்டியிருந்தது.

நாயக்கருக்குப் பின் வந்த மராட்டியர் அந்த வழக்கத்தை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். தர்காவின் ஐந்து மனாராக்களில் உயர்ந்தது பெரிய மனாரா: 131 அடி. அதைக் கட்டியவர் 1739 முதல் 1763 வரை ஆண்ட பிரதாப் சிங். பிள்ளை வரம் கேட்டு நிறைவேறியதற்கான நேர்த்திக்கடன் என்கிறது மரபு. அவர் மகன் துளஜாவும் தர்காவுக்கு நிலங்கள் வழங்கினார். அரசர் மகப்பேற்றுக்காகக் கட்டியிருக்கலாம்; ஆனால் தட்டையான இந்தக் கரையில் 131 அடிக் கோபுரம் எழுந்த நாள்முதல் கடலில் வருகிறவனுக்கு அது கரையடையாளம். அரண்மனைக் கதையும் கடல் கதையும் ஒரே சுண்ணாம்பில் சேர்ந்த இடம் பெரிய மனாரா.

ஐரோப்பியர் கைக்குக் கடல் போன பிறகு இங்கிருந்து கப்பலேறியவர்கள் நாயகத்தையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் பினாங்கில் சூலியா தெருவிலேயே ஒரு நாகூர் தர்காவை எழுப்பினார்கள். சிங்கப்பூரில், அன்று கடலோரமாக இருந்த தெலுக் ஆயர் தெருவில், 1828 முதல் 1830 வரை இன்னொன்றைக் கட்டினார்கள். 1974இல் அது தேசிய நினைவுச் சின்னமானது. இலங்கையின் கல்முனையில் கடற்கரைப் பள்ளி இருக்கிறது. எல்லாமே கரை சேர்ந்து காலூன்றும் இடத்தில் நிற்கின்றன. இவற்றில் எதிலும் நாயகத்தின் உடல் இல்லை. அவர் அடங்கிய ரவ்லா நாகூரில் மட்டுமே. பயணம் நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போக இறங்கிய துறையில் ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஊரில் தாய் கொடுத்தனுப்பிய தாயத்தைக் கழற்றாமல் வைத்திருப்பவனுக்கு இது புரியும்.

நாயகத்தின் நினைவு விழாவான கந்தூரி நாட்களில் இந்த வரலாறு தெருவில் நடந்து போகிறது. ஜமாதுல் ஆகிர் முதல் பிறையில் தொடங்கிப் பதினான்கு நாள் விழா. கொடிகள் நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வருகின்றன. செட்டிப் பல்லக்கு, சாம்பிராணிச் சட்டி ரதம், நகரா மேடை ஆகியவற்றோடு பெரிய கப்பல், சின்ன கப்பல் என்று கப்பல் வடிவ ரதங்களும் வரும். மின்விளக்குகள் சுற்றிய கப்பல் தார்ச்சாலையில் ஆடி ஆடி வரும்போது இருபுறமும் வீட்டு மாடிகளில் இருந்து பூ விழும். பத்தாம் இரவு சந்தனக்கூடு புறப்பட்டு விடியற்காலையில் நாகூர் வந்து சேர, ரவ்லாவில் சந்தனம் பூசப்படுகிறது. செட்டியார் பெயரில் பல்லக்கு, பக்கீர்களின் பீர் நோன்பு, மீனவர்களின் நேர்ச்சை என்று ஊரின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் விழாவில் ஓர் இடம் உண்டு.

இவற்றுக்கு மறுப்பு இல்லாமல் இல்லை. தகடும் சந்தனமும் ஏகத்துவத்துக்கு ஒவ்வாதவை என்று சொல்லும் முஸ்லிம்கள் கடந்த சில பத்தாண்டுகளில் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் எழுப்புவது சமயக் கேள்வி. அதற்கு விடை சொல்வது ஆலிம்களின் வேலை. ஆய்வாளன் ஒன்றை மட்டும் சொல்ல முடியும்: கண்ணாடிக் கதையும் புறாக் கதையும் போய்விட்டால், ஏட்டில் எழுதப்படாத மரைக்காயர், மாலுமி, மீனவர் வரலாற்றின் பெரும்பகுதி அவற்றோடு போய்விடும். எனக்கு அந்த இழப்பு பொறுக்கவில்லை.

2004 டிசம்பர் 26இல் அந்தக் கடலே சுனாமியாகக் கரைக்கு வந்தது. தமிழ்நாட்டில் மிக அதிகமான உயிர்களை, ஆறாயிரத்துக்கும் மேல், இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். ஓடிவந்தவர்கள் தர்காவுக்குள் தங்கினார்கள். இறந்தவர்களைப் புதைக்க தர்கா தன் நிலத்தைத் திறந்துவிட்டது. அடையாளம் தெரியாத உடல்களின் மதத்தை யாரும் கேட்கவில்லை. குழிகள் வரிசையாக வெட்டப்பட்டன.