மெய்நிகர்ப் பொறியில் பாதுகாப்பு இயங்குதளங்கள்

வெர்ச்சுவல் மெஷின் எனப்படும் மெய்நிகர்ப் பொறி, ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி ஆகும். காளி லினக்ஸ், ஹூனிக்ஸ் போன்ற பாதுகாப்பு சார்ந்த இயங்குதளங்களைப் பயில்வோர் பலர் அவற்றை இத்தகைய பொறியில் நிறுவியே பழகுகின்றனர். அப்போது எழும் கோளாறுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. உள்ளே இருப்பது ஓட வேண்டும் என்பதற்காக வெளியே இருக்கும் கணினியின் காவலைத் தளர்த்தலாமா என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வி.

தோற்றம்

ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் உருவாக்கிய சிபி-40 என்னும் அமைப்பு 1967இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே பெருங்கணினியைப் பலருக்கும் தனித்தனிக் கணினிபோலப் பிரித்துக் கொடுத்தது அது. அதன் வழிவந்த விஎம்/370 1972இல் வெளியானது. புதிய இயங்குதளத்தைச் சோதிப்பவர்கள் அதை மெய்நிகர்ப் பொறியில் ஓடவிட்டனர். அது நிலைகுலைந்தாலும் மற்றவர்களின் வேலை கெடவில்லை. கோளாறு கண்டுபிடிப்பது தொடக்கத்திலிருந்தே இப்பொறியின் பயன்களுள் ஒன்று.

ஒரு செயலி எவ்வாறு அமைந்தால் மெய்நிகர்ப் பொறியைத் தாங்கும் என்பதை ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபர்க் இருவரும் 1974இல் வரையறுத்தனர். இன்டெல் பென்டியம் செயலியில் இவ்விதிக்கு ஒவ்வாத 17 கட்டளைகள் இருப்பதை 2000இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. விஎம்வேர் நிறுவனம் அக்கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி, 1999இல் மேசைக் கணினிக்கு இந்நுட்பத்தைக் கொண்டுவந்திருந்தது. பின்னர் இன்டெல் 2005இலும், ஏஎம்டி 2006இலும் செயலியிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. இன்று மாணவர் சந்திக்கும் முதல் கோளாறு இங்கிருந்தே வருகிறது. பயாஸ் அமைப்பில் அவ்வசதி அணைக்கப்பட்டிருந்தால் 64 பிட் இயங்குதளம் தொடங்காது.

காவற்சுவர்

மெய்நிகர்ப் பொறியைக் காவலாகவே பயன்படுத்தும் முயற்சியும் பழையது. டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனம் வாக்ஸ் கணினிக்காக 1981இல் இத்தகைய பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கி, 1990இல் கைவிட்டது. ஜோனா ருட்கோவ்ஸ்கா குழுவினரின் கியூப்ஸ் இயங்குதளம் 2012இல் முதற் பதிப்பாக வெளியானது. மின்னஞ்சலுக்கு ஒரு பொறி, வங்கிப் பணிக்கு வேறொரு பொறி எனப் பணிகளைப் பிரித்து வைப்பது அதன் முறை. ஹூனிக்ஸ் இரண்டு பொறிகளைக் கொண்டது. ஒன்று டோர் வலையமைப்பின் வாயில். பயனர் வேலை செய்யும் மற்றொன்று அவ்வாயில் வழியாக மட்டுமே இணையத்தை அடையும்.

இச்சுவரிலும் ஓட்டை விழுந்ததுண்டு. 2015இல் வெளிப்பட்ட வெனம் என்னும் குறைபாடு, யாரும் பயன்படுத்தாத பிளாப்பி வட்டுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் பல ஆண்டுகளாக ஒளிந்திருந்தது. அதன்வழி உள்ளே இருப்பவர் தாய்க் கணினிக்குள் நுழைய வாய்ப்பிருந்தது. 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைபாடுகள் செயலியையே ஐயத்துக்கு உள்ளாக்கின.

தமிழ்நாட்டில்

சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் இடம்பெற்றது. அக்கணினிகளைக் கொள்முதல் செய்த எல்காட் நிறுவனமே, திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானில் தகவல் தொழில்நுட்பப் பூங்காவையும் அமைத்தது. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்க மெய்நிகர்ப் பொறி தேவை. பாஸ் பொதுப் பயன்பாட்டுக்கானது. பாதுகாப்பை முன்னிறுத்தி உபுண்டுவின் அடிப்படையில் உருவான மாயா இயங்குதளத்தை இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் ஏற்பது குறித்த செய்தி 2023இல் வெளியானது.

கோளாறும் தீர்வும்

விர்ச்சுவல்பாக்ஸில் காளி மிக மெதுவாக ஓடினால், விண்டோஸின் ஹைப்பர்-வி செயலியின் வசதியை முன்பே எடுத்துக்கொண்டிருக்கலாம். பொறியின் சாளரத்தில் தோன்றும் ஆமைச் சின்னம் இதற்கு அடையாளம். விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி காப்பை அணைத்துவிட்டால் வேகம் கூடலாம். ஆனால் தாய்க் கணினியின் காவல் குறையும். லினக்ஸ் கணினியில் செக்யூர் பூட் காரணமாக விர்ச்சுவல்பாக்ஸ் தொடங்காவிட்டால், செக்யூர் பூட்டை அணைப்பதைவிட அதன் கெர்னல் கூறுகளுக்குக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியைக் கணினியில் பதிவு செய்வதே நல்லது.

ஹூனிக்ஸில் இணையம் கிடைக்காதபோது முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். நேரம் பெரிதும் பிசகினால் டோர் இணையாது. வாயிலைத் தவிர்த்து நேரடியாக இணைத்தால் இணையம் கிடைக்கும், முகவரியும் வெளிப்பட்டுவிடும். வேண்டுமென்றே குறைபாடுகளுடன் அமைக்கப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள் போன்ற பயிற்சிப் பொறியைக் கல்லூரி வலையமைப்பில் பிரிட்ஜ் முறையில் இணைப்பதும் ஆபத்து. அதற்கு ஹோஸ்ட்-ஒன்லி முறையே போதும். கியூப்ஸையே இன்னொரு பொறிக்குள் நிறுவுவது பொறிக்குள் பொறி வைப்பதாகும். அதன் உருவாக்குநர்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

தீர்வு எதுவானாலும், அது எந்தக் காவலை நீக்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தாய்க் கணினி பிறர் கைக்குப் போய்விட்டால், உள்ளே ஓடும் இயங்குதளம் எவ்வளவு வலிமையானதானாலும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது.