கோஃபர் சேவை

கோஃபர் என்பது இணையத்தில் உரைகளைப் பகிர்வதற்காக 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட சேவை ஆகும். மார்க் மெக்காகில் தலைமையிலான சிறு குழு இதை எழுதியது. வளை தோண்டி வாழும் கோஃபர் என்னும் சிறு விலங்கு அப்பல்கலைக்கழக விளையாட்டு அணிகளின் சின்னமாகும். சேவைக்கும் அப்பெயரே அமைந்தது. யூனிக்ஸ் கணினியும் இணைய இணைப்பும் உள்ள எந்தக் கல்லூரியும் தன் ஆவணங்களை உலகுக்குத் திறந்துவைக்க இது வழிசெய்தது.

நிறுவிய முறை

வழங்கியின் மூல நிரலை எஃப்டிபி வழியாகப் பெற்று, சி மொழித் தொகுப்பியால் தொகுத்தனர். பகிர வேண்டிய உரைக்கோப்புகளை ஒரு கோப்புறையில் அடுக்கி, அதைக் குறிப்பிட்டு ‘கோஃபர்டி’ என்ற நிரலை இயக்கினர். உள்கோப்புறைகள் தாமாகவே பட்டிகளாகத் தோன்றின. பக்கம் வடிவமைக்கும் வேலை இல்லை.

இச்சேவைக்கு உரிய போர்ட் எண் 70. யூனிக்ஸில் 1024க்குக் குறைந்த போர்ட்டைத் திறக்க ரூட் பயனரின் அதிகாரம் தேவை. அந்த அதிகாரத்துடனேயே நிரல் தொடர்ந்து ஓடினால், அதிலுள்ள ஒரு பிழை முழுக் கணினியையும் அயலாரிடம் ஒப்படைத்துவிடக்கூடும். எனவே தொடங்கியபின் சாதாரணப் பயனராக மாறவும், குறித்த கோப்புறைக்கு வெளியே எதையும் காணாதிருக்கவும் நிரலில் வசதி இருந்தது.

செயல்படும் விதம்

வாசகரின் கணினி தனக்கு வேண்டிய உரையின் குறிப்பை ஒரே வரியில் அனுப்பும். வழங்கி உரையைத் தந்து இணைப்பை முடித்துக்கொள்ளும். பட்டியின் ஒவ்வொரு வரியிலும் வகை (0 எனில் உரை, 1 எனில் பட்டி), தலைப்பு, குறிப்பு, கணினியின் பெயர், போர்ட் எண் ஆகியவை இருக்கும். ஒரு வரி வேறொரு நாட்டுக் கணினியையும் சுட்டலாம். இதனால் தனித்தனியே நிறுவப்பட்ட வழங்கிகள் ஒரே நூலகம்போல இணைந்தன. இந்நெறிமுறை 1993 மார்ச்சில் ஆர்எஃப்சி 1436 என வெளியானது.

உரிமக் கட்டணமும் சரிவும்

1993இன் தொடக்கத்தில், தன் வழங்கி மென்பொருளை வணிக நோக்கில் பயன்படுத்துவோரிடம் கட்டணம் பெறப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. நெறிமுறைக்குக் கட்டணம் இல்லை. எனினும் நாளை என்ன விதி வருமோ என்ற ஐயம் பலரைத் தயங்கவைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் உலகளாவிய வலையின் மென்பொருளைப் பொதுவுடைமையாக்கியது. உரையுடன் படத்தையும் காட்டிய மொசைக் உலாவியும் அவ்வாண்டில் வந்தது. இவ்விரண்டும் சேர்ந்து வாசகர்களை வலையின் பக்கம் இழுத்தன.

மினசோட்டா மென்பொருள் 2000ஆம் ஆண்டில் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் விடுவிக்கப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் உலாவி 2011இல் கோஃபர் ஆதரவை நீக்கியது. ஆயினும் ஆர்வலர்கள் சிலர் சொந்த வழங்கிகளில் இச்சேவையை நிறுவி இன்றும் நடத்துகின்றனர்.