வெயில் அறைக்கு எந்தத் திசை?

பூதலூர் வீட்டு மாடியில் அப்பாவுக்கு ஒரு வெயில் அறை கட்டலாம் என்று தம்பி வரைபடம் அனுப்பியிருந்தான். சுற்றிலும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குடா?" என்று கேட்டுவிட்டேன். பிறகுதான் சிலப்பதிகாரம் ஞாபகம் வந்தது.

அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், புகார் நகரத்து வீடுகளில் கோடைக்கு வேனிற்பள்ளி, குளிருக்குச் சாளரம் அடைத்த கூதிர்ப்பள்ளி என இரண்டு வருகின்றன. ஊர்காண் காதையிலோ மதுரையின் செல்வர்கள் முன்பனிக் காலத்தில் முற்றத்தில் இளவெயில் காய்கிறார்கள். அது சூரியன் தெற்கே போகும் பருவம் என்பதையும் இளங்கோ சொல்லிவிடுகிறார்.

அந்தத் தெற்குதான் விஷயம். பூதலூர் சுமார் 10.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 22 நண்பகலில் சூரியன் தென்வானில் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் நிற்கும். ஜூன் 21 அன்று உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆக, தெற்கு பார்த்த அறைக்கு மார்கழி, தையில் வெயில் உள்ளே வரும். ஆனி, ஆடி நண்பகலில் தெற்கிலிருந்து நேர்வெயில் எட்டாது. கண்ணாடிக் கூரை என்றால் கதை வேறு: ஏப்ரல் மூன்றாம் வாரம் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அறை அடுப்பாகிவிடும்.

கடைசியில் முடிவானது இது: ஓட்டுக் கூரை, மேற்கே கனமான சுவர், தெற்கே திறப்பு, ஐப்பசி மழைச்சாரலுக்கு மூங்கில் தட்டி, ஒரு சாய்வு நாற்காலி.

"சித்திரையில எங்கடா உக்காருறது?" என்றார் அப்பா. கீழே ரேழியில்தான். புகார்க்காரர்களும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறியவர்கள்தானே!