மருத்துவ மாணவனுக்குக் கணக்கு எதற்கு?

மைசூரில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் ஒரு விவாதம் எழுவதுண்டு. பிள்ளை மருத்துவம் படிக்க விரும்புகிறான். பி.யூ. வகுப்பில் உயிரியலோடு கணிதத்தையும் எடுப்பதா, விட்டுவிடுவதா? ஊரிலிருக்கும் தாத்தா, "ஃபர்ஸ்ட் குரூப்பையே எடுக்கச் சொல்" என்று தொலைபேசியில் கூறுவார். பிள்ளையோ, "நீட் தேர்வில் கணக்கே இல்லையே, தாத்தா" என்பான். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இந்த வழக்கின் வேர் எங்கே இருக்கிறது என்று சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

1916இல் மைசூர்ப் பல்கலைக் கழகம் தோன்றும்வரை, இவ்வூர் மகாராஜா கல்லூரி சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்தது. மைசூர் மாணவரும் கும்பகோணம் மாணவரும் எழுதியது ஒரே எஃப்.ஏ. தேர்வுதான். கணித மேதை இராமானுஜன் அத்தேர்வில் உடலியலையும் எழுத வேண்டியிருந்தது. 1907இல் தனியாக எழுதியபோது கணிதத்தில் தேறி, ஏனைய பாடங்களில் தோற்றார். எண்களோடு உறவாடியவருக்கு உடலியல் தடைச் சுவராயிற்று. உயிர்நூலில் நாட்டம் கொண்டு கணக்கிலே தோற்றவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

பின்னர் வந்த இன்டர்மீடியட் வகுப்பு இந்தத் துன்பத்தைப் போக்கியது. கணிதம், பௌதிகம், இரசாயனம் ஒரு தொகுதி. பௌதிகம், இரசாயனம், இயற்கை விஞ்ஞானம் மற்றொரு தொகுதி. மாணவருக்கு இது பெரிய ஆறுதலே. ஆனால் தேர்வுத் திட்டத்துக்காக இழுத்த கோட்டை, நாளடைவில் இயற்கையே இழுத்த கோடாக நாம் எண்ணத் தொடங்கிவிட்டோம்.

நோய்களோ அந்தக் கோட்டை மதிக்கவில்லை. 1896இல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக், 1898இல் பெங்களூரையும் மைசூரையும் தாக்கியது. இன்று நாம் மெச்சும் மைசூர் நகர அமைப்பில் அந்தக் கொள்ளைநோய்க்கும் பங்கு உண்டு. நெருக்கமான பகுதிகளைச் சீர்திருத்தி நகரை விரிவாக்க 1903இல் நகர அபிவிருத்திக் குழு அமைக்கப்பட்டது. தெருவை அகலப்படுத்துவது பொறியாளர் வேலை. வந்த நோய் ஏன் பரவுகிறது, ஏன் தானே அடங்குகிறது என்ற கேள்வியோ மருத்துவருக்கு உரியது. அதற்கு நுண்ணோக்கி மட்டும் போதவில்லை.

இவ்விடத்தில் ரொனால்டு ராஸ் நினைவுக்கு வருகிறார். 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். 1895இல் பெங்களூரிலும் சுகாதாரப் பணி புரிந்தவர். அவர் கணிதம் பயின்றது கல்லூரியில் அன்று. இராணுவ வைத்தியராகச் சென்னைப் பகுதியில் இருந்த நாட்களில், ஓய்வு நேரத்தில் தாமே நூல்களை வைத்துக்கொண்டு கற்றார். "கொசு முழுவதையும் யாரால் ஒழிக்க முடியும்?" என்று பலர் ஐயுற்றபோது, முழுவதையும் ஒழிக்க வேண்டியதில்லை, அதன் தொகை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினாலே மலேரியா தானாக மறையும் என்று சமன்பாடுகளால் காட்டினார். அந்தக் கணக்கு 1911இல் வெளியான அவரது மலேரியாத் தடுப்பு நூலின் பதிப்பில் இருக்கிறது.

அவரோடு ஆப்பிரிக்கா சென்ற மக்கென்ட்ரிக் என்ற இளம் மருத்துவரும் கணிதத்தில் இறங்கினார். கசௌலி பாஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்து, உடல்நலம் குன்றி எடின்பரோ திரும்பிய அவர், 1927இல் கெர்மாக் என்ற இரசாயனியுடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். கெர்மாக் ஆய்வுக்கூட விபத்தில் கண்பார்வை இழந்தவர். அக்கட்டுரை எடுத்துக்கொண்ட உதாரணம், 1905-06இல் பம்பாயில் பிளேக்கால் இறந்தோர் கணக்கு! ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்கு மேல் நோயைத் தந்தால் நோய் வளரும். ஒருவருக்குக் குறைவாகத் தந்தால் தேயும். எல்லோரும் நோயுறுவதற்கு முன்பே அது அடங்குவதன் காரணம் இதுவே. எலியும் தெள்ளும் பரப்பும் பிளேக்குக்கு இந்தச் சூத்திரம் கச்சிதமாகப் பொருந்தாது என்பது வேறு விஷயம். ஆயினும் 2020இல் கொரோனாக் காலத்தில் நாள்தோறும் நாம் கேட்ட கணிப்புகள் பல இந்த வேரிலிருந்து கிளைத்தவையே.

மைசூர் மருத்துவக் கல்லூரி 1924இல் பெங்களூரில் தொடங்கப்பெற்று, 1930இல் இவ்வூருக்கு வந்தது. அத்தகைய கல்லூரியில் நுழையக் கணிதம் தேவையில்லை என்பது இன்றைய விதி. நுழைந்த பிறகோ, சமுதாய மருத்துவப் பாடத்தில் புள்ளியியல் காத்திருக்கிறது.

ஆகவே தாத்தாவுக்கும் பேரனுக்கும் என் தீர்ப்பு இது: மூன்று பாடங்களுக்கே மூச்சு வாங்கும் பிள்ளையை நான்காவதால் வதைக்க வேண்டாம். இடம் கிடைக்காவிட்டால் பொறியியல் வாசல் பெரும்பாலும் அடைபடும் என்பதை மட்டும் முன்பே அறிந்திருக்கட்டும். கணிதத்தை விட்டாலும் விகிதம், மடக்கை, நிகழ்தகவு இம்மூன்றையும் வீட்டிலாவது கற்கட்டும்.

ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஓர் ஊரில் ஆயிரம் பேர். அவர்களில் பத்துப் பேருக்கு ஒரு நோய். நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் இரத்தப் பரிசோதனை ஒன்றை எல்லோருக்கும் செய்கிறோம். நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேர் அகப்படுவார்கள். நோயற்ற 990 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 99 பேருக்கும், நோய் உண்டென்றே சீட்டு வரும். சீட்டைக் கையில் ஏந்தி நடுக்கத்தோடு மருத்துவரிடம் வருவோர் 108 பேர். அவர்களுள் நோயாளிகள் ஒன்பதே பேர்.